குடிக்காதவனுக்கு வந்த கீல்வாதம்

சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் பெயிண்ட் வேலை பார்க்கும் ஒருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். முப்பது வயதிருக்கும். ஒரு காலில் செருப்பில்லை. பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. வாசலில் நின்றபடியே, "உங்களுக்கும் இது இருந்துச்சாமே, பெரியவரே?" என்று கேட்டார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நான் குடிக்கிறதில்ல. சத்தியமா சொல்றேன்," என்றார்.

நானும் ஒரு காலத்தில் இதே வார்த்தைகளை, இதே அவசரத்தோடு, சொல்லத் துடித்தும் யாரிடமும் சொல்லாமல் திரிந்தவன். அன்று அவரிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். நடந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் இன்னும் முகம் சுடுகிறது.

நான் நாகூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன். பெயர் மீரா சாகிபு. மீசை அரும்பும் வயதில் சிங்கப்பூர் வந்து, துறைமுகத்தில் ஒரு கப்பல் பட்டறையில் சேர்ந்தேன். துரு தட்டினேன், சாரம் கட்டினேன், பிரஷ் பிடித்தேன், பிறகு மண்டோர் ஆனேன். ஆட்களை மேய்த்து வேலை வாங்குகிறவனுக்கு அங்கே அதுதான் பெயர். பெரிய துரையோ ராஜாவோ ஆனதுபோல என் மனைவி ஆமினா ஊருக்குச் சொல்லி அனுப்பினாள். அவளுடைய தம்பி யூசுப்பை வரவழைத்து என் கூட்டத்திலேயே சேர்த்துக்கொண்டேன். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு கடையின் மாடியில் மூவரும் குடியிருந்தோம்.

வேலை எப்படி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நோய் விளங்காது. டாக் என்று சொல்லும் பழுதுபார்க்கும் தொட்டிக்குள் கப்பல் வந்ததும் கதவை அடைத்துத் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். கப்பல் முட்டுக்கட்டைகளின் மேல் காய்ந்துபோய் நிற்கும். மேலிருந்து கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து நாங்கள் பழைய பெயிண்டைச் சுரண்டுவோம். துருவைச் சுத்தியால் தட்டுவோம். சிவந்த தூள் தலையிலும் மூக்கிலும் கொட்டும். இரும்பு வெளியே தெரிந்ததும் முதல் பூச்சாக ரெட்லெட் அடிக்க வேண்டும். ரெட்லெட் என்றால் சிவப்பு ஈயம். சின்னப் பீப்பாயில் பொடியாக வரும். கையடக்கமான பீப்பாய்தான், தூக்கினால் இடுப்பு ஒடியும். லின்சீட் என்னும் ஆளிவிதை எண்ணெய் விட்டு அதைக் குழைப்பது மண்டோரின் வேலை. கரண்டியால் குழைத்தால் கட்டி தெரியாது. நான் முழங்கை வரை கையை விட்டுக் குழைப்பேன். விரலிடுக்கில் நெருடல் இல்லாமல் போனால் பதம் வந்தது என்று அர்த்தம். என் பதத்தை யாரும் குறை சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

பகலில் சங்கு ஊதினால் கையை ஒரு சாக்குத் துண்டில் துடைத்துக்கொண்டு அப்படியே சோற்றில் வைப்போம். சாப்பிட்டு முடித்த பிறகுதான் தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்வோம். முதலில் ஒளு, பிறகு சோறு என்று வைத்திருந்தால் எங்களில் பல பேர் தப்பியிருப்போம். யாருக்குத் தெரியும்?

எங்களுக்கு மேலே டங்கன் துரை. ஸ்காட்லாந்துக்காரர். உருண்டையான ஆள், நியாயமானவர். எங்களோடு மலாயில்தான் பேசுவார். நான் வருவதற்கு முன் ஒருவன் கள் மயக்கத்தில் பலகையிலிருந்து டாக்கின் தரையில் விழுந்து செத்திருக்கிறான். அன்றிலிருந்து துரை தினமும் காலையில் வாசலில் நிற்பார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். ஒவ்வொருவனும் அவர் முன்னால் நின்று "ஹா" என்று ஊத வேண்டும். குனிந்து மோந்து பார்ப்பார். வாசம் வந்தால் கோபப்பட மாட்டார், திட்ட மாட்டார். தொப்பியால் வெளியே வழி காட்டுவார். அவ்வளவுதான், அன்றைக்குச் சம்பளம் இல்லை. மண்டோர்களை மட்டும் ஊதச் சொல்ல மாட்டார்.

ஒரு நாள் விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்து காலைக் கீழே வைத்தேன். வைத்த வேகத்தில் கத்திவிட்டேன். வலது பெருவிரலின் அடி மூட்டு தக்காளிபோலச் சிவந்து மினுமினுத்தது. நெருப்புத் துண்டை உள்ளே வைத்துத் தைத்துவிட்டது போல இருந்தது. ஆமினா போர்வையை இழுத்து மூடினாள். போர்வையின் நுனி பட்டதைக்கூடத் தாங்க முடியவில்லை. அடிபட்டதாக நினைவில்லை. டாக்கில் கப்பல் நின்றுகொண்டிருந்ததால், யூசுப்பின் தோளைப் பிடித்துக்கொண்டு டிராமில் ஏறிப் போனேன்.

டங்கன் துரை என் காலைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. தன் ஊர்க்காரனைத் தேசம் விட்டுத் தேசம் வந்து சந்தித்தவர்போல, "கவுட்!" என்று கூவினார். கீல்வாதத்துக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயர். தன் பூட்ஸைத் தட்டிக் காட்டினார். அவருக்கும் இருந்ததாம், அவருடைய தகப்பனாருக்கும் இருந்ததாம்.

"மினும் அப்பா, மண்டோர்?" என்றார். என்ன குடிக்கிறாய் என்று மலாயில் கேட்டார்.

"தண்ணி, துவான். காப்பி," என்றேன். துரையை மலாயில் துவான் என்போம்.

துரை வயிறு குலுங்கச் சிரித்தார். "தண்ணி குடிச்சு யாருக்கும் இது வந்ததில்லை. எனக்கு ஒயின். உனக்கு என்ன, பிராந்தியா? எங்கிட்ட மறைக்காதே. இது நல்லாக் குடிக்கிற, நல்லாச் சாப்பிடுற ஆம்பளைங்க வியாதி!"

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எனக்கு ஒரு மரியாதை செய்வதாகவே நினைத்தார். ஆனால் என் ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். யாரோ பின்னாலிருந்து சிரித்தான். நான் திரும்பி யூசுப்பைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை வாசலில் நான் வழக்கம்போல ஒதுங்கிப் போகப் பார்த்தேன். துரை தொப்பியை நீட்டித் தடுத்தார். "நீயும்தான், மண்டோர். பலகையிலே ஏறுறவன் இல்லையா?" என்றார். நான் ஊதினேன். அவர் குனிந்து மோந்தார். வாசம் இல்லை, போகச் சொன்னார். குற்றம் இல்லையென்று ஆகிவிட்டது. ஆனாலும், முந்தின நாள் வரை நான் அதட்டி வேலை வாங்கிய ஆட்கள் வரிசையில் நிற்க, நான் மாடுபோல வாயைத் திறந்து மூச்சு விட்டதை எப்படிச் சொல்வேன்? அன்று முழுக்க யாருடைய கண்ணையும் பார்க்கவில்லை. பார்க்காததால் எல்லாரும் சந்தேகத்தை உறுதி செய்துகொண்டார்கள்.

யூசுப் வீட்டில் சொல்லிவிட்டான். ஆமினா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒரு மாலையில் துவைக்கப் போட்டிருந்த என் சட்டையை எடுத்து முகத்தருகே வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததைக் கண்டதும் வாளிக்குள் போட்டாள்.

அந்த வருஷம் நோன்பு மாதம் நெருங்கியது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர்களில் நானும் ஒருவன். பள்ளிப் பெரியவர் என்னை ஓரமாக அழைத்து, மிகவும் பதமாகப் பேசினார்.

"காலு இப்படி இருக்கையில நீங்க ஏன் அடுப்படியில நிக்கணும்? இந்த வருஷம் ஓய்வா இருங்க, தம்பி. வேற ஆளு பாத்துக்குவாங்க."

"கால் இப்ப தேவலைங்களே. வீக்கம் வடிஞ்சு தோலும் உரிஞ்சிருச்சு," என்றேன்.

"இருக்கட்டும். மத்தவங்க மனசையும் பாக்கணுமில்லையா?" என்றார்.

மத்தவங்க மனசு. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் குடிப்பதில்லை என்று அவரிடம் சத்தியம் செய்திருக்கலாம். அவர்தான் அதைக் கேட்கவே இல்லையே. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால், அதையே ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை.

நோய் போய்ப் போய் வந்தது. வந்தால் சில நாள் படுக்கை. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல நடப்பேன். வைத்தியரின் எண்ணெயைச் சூடாகத் தேய்த்ததில் வலி இரட்டிப்பானது. பெருவிரலை விட்டுக் கணுக்காலுக்கும் பிறகு முழங்காலுக்கும் ஏறியது. காது மடலில் அரிசி முனைபோலக் கட்டிகள் வந்தன. சொறிந்தால் சுண்ணாம்புபோல வெளுப்பாக ஏதோ உதிர்ந்தது. கடைசியில் எழுந்து நிற்கவே முடியாமல், யூசுப் என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே பெயர் எழுதிய டிரெஸ்ஸர், அதாவது மருந்தும் கட்டும் பார்க்கும் உதவியாளர், யாழ்ப்பாணத்துக்காரர். என்ன பழக்கவழக்கம் என்று கேட்டார். யூசுப் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் உண்டுங்க. வெளியில தெரியாம," என்றான். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, மருந்து சரியாக அமைய வேண்டுமே என்று சொன்னான். தூக்கு நாற்காலியில் கிடந்த நான் அதைக் கேட்டேன். வலியில் முனகிக்கொண்டிருந்தவன் அப்போதுதான் அழுதேன்.

டாக்டர் நெட்டையான வெள்ளைக்காரர். எதையும் தொடுவதற்கு முன்பும் தொட்ட பிறகும் கை கழுவுவார். கழுவும்போது யாரும் பேசக் கூடாது. காலைப் பார்த்தார். காதுக் கட்டியைக் கிள்ளிக் கண்ணாடித் துண்டில் வைத்துக்கொண்டார். பிறகு என் கையைப் புரட்டி நகத்தைப் பார்த்து டிரெஸ்ஸரிடம் ஏதோ கேட்டார்.

"என்ன வேலை செய்யிறீர் எண்டு டொக்டர் கேக்கிறார்."

"கப்பலுக்குப் பெயிண்ட்."

"எந்தப் பெயிண்ட்?"

"ரெட்லெட்."

டாக்டர் நிமிர்ந்தார். என்னைச் சன்னல் பக்கம் திருப்பச் சொன்னார்.

"வாயைத் திறவுங்கோ," என்றார் டிரெஸ்ஸர்.

நான் திறக்கவில்லை. மறுபடியும் மோந்து பார்க்கப் போகிறார்கள் என்று பற்களைக் கடித்துக்கொண்டேன். டாக்டர் காத்திருந்தார். பிறகு தன் சொந்த உதட்டை விரலால் கீழே இழுத்து, தன் ஈறைக் காட்டி, இதைப்போல என்று சைகை செய்தார். அப்போதுதான் திறந்தேன். ஒரு சின்னக் கண்ணாடியை என் கையில் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு ஓடியது. நான் அதை முன்பும் பார்த்திருக்கிறேன். வெற்றிலைக் கறை என்று விட்டிருந்தேன்.

அவர் விளக்கியதை டிரெஸ்ஸர் எனக்கு இப்படிச் சொன்னார். நம் எல்லாருடைய உடம்பிலும் யூரிக் அமிலம் என்று ஒன்று தினமும் உண்டாகிறது. சிறுநீரகம் அதை வடித்து வெளியே விட்டுவிடும். சிலருக்குப் பரம்பரையாகவே அது அதிகம். சிலருக்கு மதுவும் ஈரலும் இறைச்சியும் அதைக் கூட்டும். ஈயம் உடம்பில் ஏறினவனுக்கோ சிறுநீரகம் கெட்டு, அமிலம் வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கிவிடும். தங்கினது காலிலும் காதிலும் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகப் படியும். அந்த ஊசிகள்தான் அந்த நெருப்பு.

ரத்தத்தையும் சோதித்தார். கையில் கொஞ்சம் எடுத்து உறைய விட்டு, மேலே தெளிந்த நீரை ஒரு குழிந்த கண்ணாடியில் ஊற்றினார். காடிபோல் நெடியடிக்கும் திராவகம் சில துளி விட்டு, அதில் ஒரு சணல் நூலைக் கிடத்தினார். எறும்பு வராமல் தட்டைத் தண்ணீரில் வைத்து மேலே மூடினார்கள். இரண்டு நாள் கழித்து நூலை எடுத்துப் பூதக்கண்ணாடிக் குழாயின் கீழ் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். நூல் முழுக்கக் கற்கண்டு பொடித்து ஒட்டியதுபோலப் பளபளத்தது. என் ரத்தத்தில் இருந்தது அது.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "இது குடியால வரலைன்னு இந்த நூலு காட்டுமா?" என்று கேட்கச் சொன்னேன்.

டாக்டர் நூலை இறக்கி வைத்தார். கை கழுவினார். "காட்டாது. குடிக்கிறவரின்ர ரத்தமும் நூலில இப்பிடித்தான் படியும்," என்றார் டிரெஸ்ஸர், அவர் சொன்னதைக் கேட்டு. "நீலக் கோடு ஈயம் இருக்கெண்டு சொல்லும். நீர் குடிக்கேல்லை எண்டு சொல்ல டொக்டரிட்ட ஒரு சோதினையும் இல்லையாம். ஆனா தான் உம்மை நம்புறாராம்."

நம்புகிறேன் என்று என்னிடம் முதலில் சொன்னவர் அவர்தான். அதையும் இன்னொருவர் வாய் வழியாகத்தான் கேட்டேன்.

கொல்சிகம் என்று ஒரு கிழங்கிலிருந்து எடுத்த மருந்துதான் இந்த வலியை அடக்கும். கொடுத்த மறுநாளே வீக்கம் இறங்கும். வயிறு இளகத் தொடங்கினால் உடனே நிறுத்த வேண்டும், மீறினால் விஷம். டிரெஸ்ஸர் கொண்டுவந்த குப்பியைத் திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதை மதுவில் ஊறவைத்திருந்தார்கள். மருந்துக்குப் பாவமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் மாலையில் ஆமினா பார்க்க வருவாள். அந்த வாசத்தோடு அவள் முன் எப்படி வாய் திறப்பேன்? தலையைத் திருப்பிக்கொண்டேன். டிரெஸ்ஸருக்குக் கோபம் வந்தது. டாக்டர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அதே கிழங்கின் சத்தை மாத்திரையாக உருட்டித் தரச் சொன்னார். காலைப் பஞ்சு பொதிந்து உயர்த்தி வைத்தார்கள். ஈயம் வெளியேறப் பேதி உப்பும் கசப்பான இன்னொரு உப்பும் கொடுத்தார்கள். நிறையத் தண்ணீர், பால். ஈரல், இறைச்சி, நெத்திலி கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இனி ரெட்லெட்டைத் தொடக் கூடாது.

நான் வீடு திரும்பின பிறகு ஒரு நாள் பகல் சாப்பாட்டு வேளையில் டாக்டர் பட்டறைக்கு வந்தார். நான் கேட்டுக்கொண்டதால் அல்ல. என்னைப்போல இன்னும் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. டங்கன் துரை சம்மதித்து ஆட்களை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருவனும் உதட்டை இழுத்துக் காட்டினான். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கோடு இருந்தது. சாப்பாடு சேரவில்லை, தண்ணீர் சேரவில்லை என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்த எல்லாருக்கும் இருந்தது; அந்த வலியும் ஈயம் தந்ததாம். அவர்களில் குடிப்பவர்களும் இருந்தார்கள், குடிக்காதவர்களும் இருந்தார்கள். கடைசியில் டாக்டர், நீங்களும் காட்டுங்கள் என்பதுபோல டங்கன் துரையையும் பார்த்தார். துரையும் சிறு வயதில் தன் ஊரில் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தவராம். துரை தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார், வாயைத் திறக்கவில்லை.

அதற்கு முன்பே வரிசையில் யூசுப்பின் முறை வந்திருந்தது. அவனுக்கு எல்லாரையும்விட அழுத்தமான கோடு. கைகளை முன்னால் நீட்டச் சொன்னார் டாக்டர். நீட்டினான். வலது மணிக்கட்டு மட்டும் நிற்காமல் மெல்லத் தொங்கியது. அவன் அதை மறுபடி தூக்கினான், மறுபடி தொங்கியது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. பாத்தியா என்று கேட்கும் சந்தோஷம். வந்த வேகத்தில் போய்விட்டது. ஆனால் வந்தது. வாசலில் வாயைத் திறந்து ஊதின அன்றைவிட, இதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது.

பட்டறையில் சோப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார்கள். சுரண்டும் முன் பழைய பெயிண்டை நனைக்கச் சொன்னார்கள். கொஞ்ச நாள் எல்லாரும் செய்தோம். கப்பல்கள் நெருக்கியபோது பலர் விட்டுவிட்டார்கள். நான் கயிறு, சாரம் பிரிவுக்கு மாறினேன். கீல்வாதம் முற்றும் விடவில்லை, அருகி வந்தது. ஆமினா ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "நான் கேட்டிருக்கணும்," என்றாள். "நான் சொல்லியிருக்கணும்," என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை.

யூசுப் தேறவில்லை. இரண்டு மணிக்கட்டுகளும் விழுந்துவிட்டன. பிரஷ் பிடிக்க முடியவில்லை, பிறகு சோறு பிசைய முடியவில்லை. ஊருக்கு அனுப்புவது என்று முடிவானது. கப்பலுக்குப் புறப்படும் நாளில் அவன் என்னிடம், "மச்சான், ஊர்ல கேட்டா என்னத்தச் சொல்ல?" என்றான்.

"ஈயம்னு சொல்லு."

"யாரு நம்புவா? சிங்கப்பூருல போயி குடிச்சுக் கெட்டான்னு தானே சொல்லுவாங்க." தன் தொங்கும் கைகளைப் பார்த்தான். "நானே சொன்னவன்தானே."

அவன் மன்னிப்புக் கேட்ட முறை அது. நான் கப்பலடியில் நின்று கையசைத்துவிட்டு வருவதாக இருந்தேன். அப்படியே மேல்தளத்தில் உட்கார்ந்து போகும் டெக் டிக்கெட் எடுத்து அவனோடு ஏறிவிட்டேன். வழியெல்லாம் அவனுக்குச் சோறு ஊட்டினேன். ஊட்டும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான்.

ஊர் வந்து சேர்ந்தோம். என் மாமனார் மகனின் தொங்கும் கைகளைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு அவனை விட்டுவிட்டு என்னைத் தனியே அழைத்து, நான் எதிர்பார்த்த கேள்வியைத்தான் கேட்டார்.

"மருமவனே, எங்கிட்ட மறைக்காதிய. குடிச்சானா?"

"இல்ல மாமா. ஒரு நாளும் இல்ல. பெயிண்டுல இருக்கிற ஈயம் ஏறிருச்சு. எனக்கும் ஏறிச்சு."

நீலக் கோடு, நூல், டாக்டர் என்று எல்லாவற்றையும் சொல்ல ஆயத்தமாகி வந்திருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. சரி என்று தலையை ஆட்டினார். உள்ளே போய், மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் வாசலில் நின்றேன். ஒருவன் வாய் திறந்து இல்லை என்று சொன்னான். இன்னொருவர் சரி என்றார். இத்தனை நாளும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது.